சேணத்துக்கு முன்னால் வாளி

சென்னையில் குதிரையேற்ற வகுப்புக்கு நேரம் குறிப்பது வெயில். விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்தாக வேண்டும். விட்டால் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான். பிள்ளைகளின் பள்ளிக்கூட நேரத்துக்கும் இது தோதாக அமைந்துவிட்டது. ஆனாலும் நேரத்தை முடிவு செய்வது குதிரையின் உடம்பு. மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் விலங்குகள் மிகச் சில. குதிரை அவற்றில் ஒன்று. நம் ஊர்க் காற்றிலோ ஈரம் அதிகம், வியர்வை லேசில் காயாது. இப்படிப்பட்ட ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். மூச்சு வாங்கும், உடல் கொதிக்கும், தோல் மட்டும் உலர்ந்து கிடக்கும். அந்த நிலையில் வேலை வாங்கினால் உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் நல்ல பள்ளியில் சேரும் எட்டு வயதுப் பிள்ளையின் கையில் முதலில் கொடுப்பது கடிவாளத்தை அல்ல, தண்ணீர் வாளியை. மயிலாப்பூரிலிருந்தும் தி.நகரிலிருந்தும் தூக்கம் கலையாமல் அப்பாவின் ஸ்கூட்டரில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ராஜா மாதிரி ஏறி உட்காரலாம் என்று வந்தால், தொட்டியைக் கழுவச் சொல்கிறார்கள். ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும், கோடையில் அதைவிடவும் அதிகம். தொட்டியில் பாசி படிந்திருந்தால் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். தண்ணீர் குறைந்தால் குடலில் தீனி கட்டிக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது வந்த வழியே திரும்பாது. குதிரைகளின் உயிரை எடுக்கும் நோய்களில் முன்னால் நிற்பது இந்த வயிற்றுவலிதான். லாயத்தில் ஒரு குதிரை காலால் தரையைப் பறித்து, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, படுத்துப் புரண்டால் உடனே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகியிருக்க வேண்டிய பாடம். கொள்ளு, தவிடு, பசும்புல், குதிரை மசால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளைகளில் கொடுப்பதும் இதற்காகத்தான். உடம்பின் அளவுக்கு அதன் இரைப்பை மிகச் சிறியது.

அடுத்த பாடம் கிட்டே போவது. குதிரைக்குக் கண்கள் தலையின் இருபுறமும் இருக்கின்றன. ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அது இரையாக வாழ்ந்து பழகிய விலங்கு. தெரியாத இடத்திலிருந்து எது வந்தாலும் அதற்குப் புலிதான். எனவே தோள்பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு தேய்த்துவிடுவது, பிடரியைச் சீவுவது, நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் குளம்புக்குள் அடைந்திருக்கும் சாணத்தையும் கல்லையும் குத்தி எடுப்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் லாயம் நசநசவென்று ஆகும்போது குளம்பின் நடுவே மெத்தென்று இருக்கும் முக்கோணப் பகுதி அழுகத் தொடங்கும். மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும். மூக்கைச் சுளிக்காமல் அதை மோந்து பார்க்கப் பழகிய பிள்ளைதான் குதிரைக்காரப் பிள்ளை.

உலகம் முழுக்க இதைப் பிள்ளைகளுக்கான ஒழுங்காக வகுத்தது 1929ல் இங்கிலாந்தில் தொடங்கிய போனி கிளப். போனி என்றால் நம் மட்டக்குதிரை. தோள் உயரம் நான்கடி பத்து அங்குலத்துக்கு மேல் போகாது. அந்த அமைப்பில் பிள்ளைகள் படிப்படியாகத் தேர்வுகளில் தேறி மேலே போவார்கள். சவாரிக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு தீனிக்கும் லாயத்துக்கும் உண்டு. குதிரை தங்களுடையதா வாடகைக்கு எடுத்ததா என்பது அங்கே பெரிய விஷயமில்லை. இந்த முறையில் என் மனத்துக்குப் பிடித்தது அதுதான்.

ஏறிய பிறகு நடப்பதும் நிதானமாகத்தான். பயிற்சியாளர் நடுவில் நின்று நீளக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, குதிரை அவரைச் சுற்றி வட்டமாக வரும். முதலில் நடை. பிறகு ட்ராட் எனும் துள்ளுநடை. பிள்ளைகள் அழுவது இந்தத் துள்ளுநடையில்தான். குதிரை எழும்பும்போது தானும் எழும்பி, இறங்கும்போது இறங்கத் தெரியும்வரை இடுப்பு நொறுங்கிவிடும் போல இருக்கும். "குதிகால் கீழே, கண்ணு முன்னால" என்று வட்டத்தின் நடுவிலிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும். சில வாரங்கள் கழித்து ஒருநாள் அந்தத் தாளம் பிடிபடும். அதற்கப்புறம் அங்கவடியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்வார்கள். கால் தாங்கிக்கொள்ள எதுவும் இல்லாதபோதுதான் உடம்பு குதிரையோடு ஒட்டிக்கொள்ளக் கற்கிறது.

இந்த இடத்தில் தீவுத்திடல் பக்கம் சிலையாக நிற்கும் அந்தக்கால மதராஸ் கவர்னர் சர் தாமஸ் மன்றோவை நினைக்காமல் இருக்க முடியாது. பிரான்சிஸ் சான்ட்ரி வடித்து 1839ல் நிறுவப்பட்ட அந்த வெண்கலச் சிலையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார், அவமானத்தில் உயிரை விட்டுவிட்டார் என்று ஊரில் ஒரு கதை தலைமுறை தலைமுறையாக உலவுகிறது. ஆனால் அதே சான்ட்ரி செய்து லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் நிற்கும் நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையிலும் சேணமோ அங்கவடியோ கிடையாது. பழைய ரோமானியச் சிலைகளின் பாணியில் வேண்டுமென்றே செய்த வேலை அது. குதிரையேற்றம் படிக்கும் பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போய்க் காட்டுங்கள். மன்றோவின் காலும் முதுகும் இருக்கும் விதத்தை நம்மைவிட அது நன்றாகப் படித்துச் சொல்லும்.

இந்த வகுப்புகளுக்குக் குதிரைகள் எங்கிருந்து வருகின்றன? சிலது வடமேற்கு இந்தியாவின் மார்வாரியும் கத்தியவாரியும். காதுகள் உள்பக்கமாக வளைந்து நுனியில் ஒன்றையொன்று தொடும் அழகை வைத்து அவற்றை உடனே அடையாளம் காணலாம். மற்றபடி பெருமளவில் ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகள்தான். பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்கிவிடும். சில ஆண்டுகளில் அதன் ஓட்டம் முடிந்துவிடும். ஆயுளோ இருபத்தைந்து வருடம். மீதி வாழ்க்கைக்கு அதற்கு ஒரு இடம் வேண்டும். ஆனால் ஓடவே பழக்கப்பட்ட குதிரை லகானை இழுத்தால் நிற்காது, வாயை அழுத்திக்கொண்டு இன்னும் வேகமெடுக்கும். அதை ஒரு குழந்தையைச் சுமக்கும் குதிரையாக மாற்ற மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அந்த வேலையைச் செய்கிற பயிற்சியாளர்களுக்கும், சைஸ் எனப்படும் குதிரைப் பராமரிப்பாளர்களுக்கும் இந்த நகரம் இன்னும் சரியான மரியாதை கொடுக்கவில்லை என்பது என் எண்ணம். வகுப்பில் சைஸை ‘அண்ணா’ என்று கூப்பிடும் பிள்ளைகள் பெரியவர்களை முந்திவிட்டார்கள்.

பள்ளிக் குதிரைகளில் பெரும்பாலானவை பந்தயத்திலிருந்து வருவதால், சென்னையின் குதிரையேற்றத்தைக் கிண்டிப் பந்தயத் திடலைத் தவிர்த்துப் பேச முடியாது. அங்கே 1777லேயே பந்தயம் நடந்திருக்கிறது. 1974ல் தமிழக அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு நீண்டு, குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1945ல் ஆண்டுக்குச் சுமார் 614 ரூபாய் வாடகையில் 99 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்ட 160 ஏக்கர் நிலம் அது. 730 கோடி ரூபாய்க்கு மேல் வாடகைப் பாக்கி என்று கூறி, குத்தகையை ரத்து செய்து, 2024 செப்டம்பரில் அரசு சீல் வைத்தது. நிலத்தை வைத்திருந்த பந்தய கிளப் நீதிமன்றம் போனது. சூதாட்டத்துக்காக நகரத்தின் நடுவில் இவ்வளவு நிலமா என்று கேட்பவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. வெள்ளம் வந்தால் வேளச்சேரி என்ன ஆகிறது என்று பார்த்தவர்கள் அங்கே அரசு குளம் வெட்டுவதை எதிர்க்க மாட்டார்கள். ஆனால் கிண்டியைச் சுற்றித்தான் லாடம் அடிப்பவர், கால்நடை மருத்துவர், சேணம் தைப்பவர், சைஸ் என்று ஒரு தொழிலறிவு வளர்ந்தது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கி லாடம் கட்டத் தெரிந்த கை இல்லாவிட்டால் எந்தப் பள்ளியும் நடக்காது. நிலம் யாருக்கு என்ற விவாதத்தில் இந்தக் கைகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

குதிரையேற்றம் பணக்கார விளையாட்டு என்பதை மறுக்க மாட்டேன். 2023ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில், குதிரையை நயமாக நடத்திக் காட்டும் டிரசாஜ் குழுப் பிரிவில் இந்தியா தங்கம் வென்றது. 1982 டெல்லிக்குப் பிறகு 41 ஆண்டுகள் கழித்துக் குதிரையேற்றத்தில் கிடைத்த தங்கம். வென்றவர்கள் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி எடுத்தவர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆம் இடம் பிடித்த பெங்களூரு ஃபவாத் மிர்சாவும் அப்படித்தான். இருந்தாலும் நம் ஊரில் பணம் கேட்காத ஒரு வாசல் இருக்கிறது. வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் இயங்கும் என்சிசியின் ரிமவுன்ட் அண்ட் வெட்னரி பிரிவு அது. 1903ல் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் 20 மாணவர்களோடு தொடங்கிய கல்லூரி, இன்றும் தமிழகத்தில் குதிரைக்கு நோய் வந்தால் கொண்டுபோகும் முக்கிய இடங்களில் ஒன்று. அந்த வளாகத்தில் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு குதிரை தேய்க்கிறார்கள், ஏறுகிறார்கள், குடியரசு தின முகாமுக்காகப் பயிற்சி எடுக்கிறார்கள். இந்தப் பிரிவைப் பற்றி எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

உடல் ஊனம்கூட இந்த விளையாட்டில் தடையில்லை. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல், பிறர் தூக்கி உட்காரவைக்கும் நிலையில் இருந்தபடியே 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் டிரசாஜில் வெள்ளி வென்றார். ஆண்களோடு போட்டியிட்டு வென்ற வெள்ளி அது.

இத்தனையும் எழுதுவதற்குக் காரணம் மெரினாவும் பெசன்ட் நகரும். சென்னைக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் குதிரையைத் தொடுவது எந்தப் பள்ளியிலும் அல்ல, கடற்கரையில்தான். முன்னும் பின்னும் ஓர் ஓட்டம், ஒரு புகைப்படம், அவ்வளவு. அங்கே நிற்கும் குதிரைகளில் நன்றாகப் பராமரிக்கப்பட்டவையும் உண்டு. விலா எலும்பு தெரிய, சேணம் உரசிய புண்ணோடு, நீண்டு பிளந்த குளம்போடு நிற்பவையும் உண்டு. குதிரைக்காரர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். 2020ல் கடற்கரை மார்ச் முதல் டிசம்பர் வரை மூடிக் கிடந்தபோது அவர்களுடைய வருமானம் ஒரே நாளில் நின்றது. குதிரையின் வயிறும் அவர்கள் வயிறும் ஒன்றாகத்தான் காய்ந்தன. அவர்களுக்குக் குதிரை தெரியும். தெரிந்ததைச் செய்யப் பணமும் மருத்துவமும் நிழலும் இல்லை.

சட்டம் இருக்கிறது. சுமை இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள், மட்டக்குதிரை மேல் 70 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கின்றன. நாளுக்கு ஒன்பது மணி நேரம், தொடர்ந்து ஐந்து மணி நேரம் என்பது உச்சவரம்பு. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை வேலை வாங்கக் கூடாது. முள் வைத்த கடிவாளம் தடை செய்யப்பட்டது. கடற்கரைச் சவாரிக்கும் இதையே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

குதிரையேற்றப் பள்ளிகளிடமும் வேப்பேரிக் கல்லூரியிடமும் அரசிடமும் ஒரு வேண்டுகோள். கிண்டியில் பசுமைப் பூங்கா வரட்டும், குளம் வரட்டும். அதன் ஒரு மூலையில் சில ஏக்கரில் ஒரு பொதுக் குதிரைத் திடல் ஒதுக்குங்கள். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் வந்து வாளி பிடித்து, குளம்பு சுத்தம் செய்து, ஏறிப் பழகட்டும். கிண்டியின் சைஸ்களும் லாடக்காரர்களும் அங்கே சம்பளத்தோடு கற்றுக்கொடுக்கட்டும். கடற்கரைக் குதிரைக்காரர்களுக்கு மாதம் ஒருநாள் இலவச மருத்துவமும் லாடமும் அங்கேயே கிடைக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் முன் லாயத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் சேர்க்காதீர்கள். ஹெல்மெட் இல்லாமல் ஏற்றினால் அன்றே வெளியே வந்துவிடுங்கள். கடற்கரையில் ஏற்றுவதாக இருந்தால் முதுகையும் குளம்பையும் பாருங்கள், தண்ணீர் காட்டியாயிற்றா என்று குதிரைக்காரரிடம் கேளுங்கள். புண் இருந்தால் காசைக் கொடுத்துவிட்டு, குதிரையை ஓய்வாக நிற்க விடச் சொல்லி நடந்துவிடுங்கள்.