ஒல்லாந்தரின் இரு வாசல்கள்

ஜப்பான் தேசத்து நாகசாகித் துறைமுகத்திலே, விரித்த விசிறியின் வடிவில் ஒரு சின்னஞ்சிறு தீவு இருந்தது. தெஜிமா என்பது அதன் நாமம். விஸ்தீரணமோ நான்கு ஏக்கருக்கும் குறைவு. இயற்கை படைத்த தீவன்று. அந்நியரைத் தனித்து வைக்கும் பொருட்டு 1634 முதல் 1636 வரை மனிதர் கையால் ஆக்கப்பட்டது. முதலில் அங்கே போர்த்துகீசியர் இருந்தனர். 1639-இல் அவர்களை நாட்டை விட்டே விரட்டிய ஜப்பானியர், 1641-இல் ஒல்லாந்தக் கம்பெனியாரை அத்தீவில் குடியேற்றினர்.

அதே கம்பெனியாரை நம் ஜில்லாவும் அறியும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, உப்பங்கழியும் வங்கக் கடலும் கூடும் முகத்துவாரத்தில் இருக்கிறது பழவேற்காடு. 1610-இல் விஜயநகர மன்னர் வேங்கடபதி தேவராயரிடம் ஒல்லாந்தர் இங்கே வியாபாரம் செய்ய அனுமதி பெற்றனர். 1613-இல் கெல்திரியா என்னும் கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை ஸ்தலம் இதுவே.

இரு துறைகளையும் ஒரே சரக்கு பிணைத்தது. நம் நெசவாளர் நெய்த துணி கப்பலேறி ஜப்பான் சென்றது. ஜப்பானியத் தாமிரம் நம் கரையில் இறங்கியது. கோடு போட்ட ஒருவகைப் பருத்தித் துணிக்கு ஜப்பானியர் வழங்கிய 'சந்தோமே' என்ற பெயர், நம் மயிலாப்பூரை அடுத்த சாந்தோமிலிருந்து பிறந்ததாகும்.

ஆனால் விருந்தினர் ஒருவரேயாயினும், வீட்டார் நடந்துகொண்ட முறை வேறு. தெஜிமாவுக்கு ஒரே பாலம். அதன் முனையில் ஜப்பானியக் காவல். உத்தரவின்றி ஒல்லாந்தர் அதைக் கடத்தல் ஆகாது. தீவுக்கு வாடகை செலுத்தினர். அவர்களின் தலைவர் காணிக்கைகளுடன் எதோ நகரம் சென்று ஷோகனை வணங்கி வந்தார். பழவேற்காட்டிலோ கோட்டையும் பீரங்கியும் அவர்கள் வசமாயின. வெடிமருந்துச் சாலையும் நடந்தது. வேங்கடபதி 1614-இல் காலமானபின் வாரிசுப் போர் மூண்டு ராஜ்யம் தளர்ந்தது, தட்டிக் கேட்பாரில்லை. பதினேழாம் நூற்றாண்டின் பஞ்சங்களில் பசியால் விலைபோன நம் ஜனங்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தேவியா முதலிய தீவுகளுக்கு அனுப்பினர்.

ஜப்பானியர் செய்ததெல்லாம் நியாயம் என்று நாம் சொல்ல வரவில்லை. கதவைச் சாத்திய அதே அரசு, கிறிஸ்தவர்களான தன் பிரஜைகளைக் கொடுமையாக வதைத்தது. எனினும் அந்தக் குறுகிய பாலத்தின் வழியே அவர்கள் வித்தையை வரவேற்றார்கள். ஒல்லாந்த மொழியிலிருந்த உடற்கூற்று நூலொன்றை 1774-இல் தம் மொழியில் வெளியிட்டார்கள். துணியையும் நூலையும் வாங்கிக்கொண்டு, வாசற்சாவியை மட்டும் தம் மடியிலேயே வைத்திருந்தார்கள். நாம் சாவியையும் சேர்த்துக் கொடுத்தோம்.

தெஜிமாவில் ஒல்லாந்தர் பண்டகசாலை 1859-இல் மூடப்பட்டது. பின்னர் சுற்றிலும் கடல் தூர்க்கப்பட்டு, தீவு நகரத்தோடு கலந்தது. இன்று நாகசாகி மக்கள் பழைய கட்டடங்களை மீண்டும் எழுப்பித் தம் குழந்தைகளுக்குக் காட்டுகின்றனர். கெல்திரியாவை ஆங்கிலேயர் 1806-இல் இடித்தனர். 1825-இல் ஊரே அவர்கள் கைக்கு மாறியது. கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிய மேடும் அகழியின் சுவடுமே மிச்சம். ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தைத் தொல்பொருள் இலாகா காத்து வருகிறது. அதன் வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள்.

பிறந்த மண்ணை விட்டுக் கப்பலேறிய நம்மவருக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. செங்கால் நாரைகளைக் காட்டப் பிள்ளைகளைப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், அந்தப் புதர் மேட்டின் அருகே சற்று நின்று இதையும் சொல்வார்களாக.