லுக் அவுட் நோட்டீஸ்: விமான நிலையத்தில் யாரை, எதற்காகத் தடுக்கலாம்?

2015 அக்டோபரில் தொழிலதிபர் விஜய் மல்லையாவுக்கு எதிராக சி.பி.ஐ. கேட்டு வெளியான லுக் அவுட் நோட்டீஸ், அவர் வெளிநாடு கிளம்பினால் தடுத்து நிறுத்தச் சொன்னது. அடுத்த மாதமே அது மாறியது: தடுக்க வேண்டாம், தகவல் சொன்னால் போதும். 2016 மார்ச் 2 அன்று அவர் டெல்லியிலிருந்து லண்டனுக்குப் பறந்துவிட்டார்.

அதே டெல்லியில் 2015 ஜனவரியில் நிறுத்தப்பட்டவர் கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்பின் செயற்பாட்டாளர் பிரியா பிள்ளை. கையில் முறையான விசா இருந்தது. லண்டனில் பிரிட்டிஷ் எம்.பி.க்களிடம் நிலக்கரிச் சுரங்கத் திட்டம் ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறார் என்பதுதான் அரசுக்கு உறுத்தல். மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நோட்டீஸை ரத்து செய்தது.

இரண்டிலும் இமிகிரேஷன் அதிகாரி தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தார். பாஸ்போர்ட்டைச் சோதிக்கும்போது பெயர் பட்டியலில் இருந்தால் கணினி காட்டிக் கொடுத்துவிடும். தடுக்கச் சொல்லியிருந்தால் தடுத்து, போலீஸிடம் ஒப்படைப்பார். வழக்கு உண்மையா பொய்யா என்று விசாரிப்பது அவர் வேலையல்ல. அந்த நடவடிக்கைக்கான சட்டப் பொறுப்பு நோட்டீஸ் கேட்ட அமைப்பையே சேரும் என்கிறது உள்துறை அமைச்சகத்தின் 2010 உத்தரவு. கவுன்ட்டரில் சண்டை போட்டுப் பயனில்லை.

நோட்டீஸ் கேட்பவருக்கும் வரம்பு உண்டு. காவல் துறையில் மாவட்ட எஸ்.பி. அல்லது துணை ஆணையர் நிலைக்குக் குறைந்தவர் கேட்க முடியாது. பொதுவாக, வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும். வேண்டுமென்றே கைதுக்குத் தப்புபவராகவோ, பிடிவாரண்டுக்குப் பிறகும் கோர்ட்டுக்கு வராதவராகவோ இருக்க வேண்டும் என்று 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் வகுத்தது. அத்தகைய குற்றமே இல்லாதபோது, வரவையும் போக்கையும் தெரிவிக்கக் கேட்கலாம். பயணத்தைத் தடுக்கக் கூடாது. நோட்டீஸ் செல்லுமா என்று நீதிமன்றங்களும் பார்க்கின்றன. காங்கிரஸ் அரசியல்வாதி கார்த்தி சிதம்பரத்துக்கு எதிரான நோட்டீஸை 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கடன் பாக்கிக்காக நோட்டீஸ் கேட்கப் பொதுத்துறை வங்கிகளுக்கு அதிகாரமில்லை என்று 2024 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. முன்பு ஓராண்டில் நோட்டீஸ் காலாவதியாகும். 2021 வழிகாட்டுதலின்படி, கேட்டவரே நீக்கச் சொல்லும்வரை பெயர் பட்டியலில் கிடக்கும். குடும்ப வழக்கு சமாதானமாகி, எல்லாரும் மறந்துபோன பிறகு, தங்கை கல்யாணத்துக்கு லீவில் வருபவர் திருச்சியில் மாட்டிக்கொள்ள இது போதும். வழக்கு முடிந்ததும், நீக்கச் சொல்லி விசாரணை அதிகாரியிடம் மனு கொடுத்து, அத்தாட்சி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

கைதே நடந்துவிட்டால், காரணத்தைச் சொல்லியாக வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் போக வேண்டும், வழக்கறிஞரைச் சந்திக்கலாம், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பாஸ்போர்ட்டைப் போலீஸ் கைப்பற்றலாம். ஆனால் முடக்கி வைக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கே உண்டு என்பது உச்ச நீதிமன்றத்தின் 2008 தீர்ப்பு.

வழக்கு நடந்துகொண்டிருந்தால் விசாரணை நீதிமன்றத்தில் பயண அனுமதி கேட்கலாம். நோட்டீஸே தவறென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். எந்த உத்தரவு கிடைத்தாலும், டிக்கெட் போடும் முன் அதன் நகல் இமிகிரேஷன் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.