இறப்பர் மலையின் மூச்சு

குருவிட்டவின் இறப்பர் மலைகளில் பால்வெட்டு விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பால்குழாய்களின் அழுத்தம் தளர்ந்து பால் சுருங்கிப்போகும். சில மரங்களில் வெட்டை ஒட்டித் தூரிகையால் மருந்து தடவுவதும் உண்டு. அது எத்தெபோன். பட்டைக்குள் இறங்கியதும் சிதைந்து எதிலீன் வாயுவை விடும். இரண்டு காபன், நான்கு ஐதரசன், அவ்வளவுதான். வாழைக்குலையைப் பழுக்கவைக்கும் அதே வாயு. பால்குழாய் சீக்கிரம் அடைபடாமல் அது தடுப்பதால் சிரட்டையில் கூடுதல் நேரம் பால் சொட்டும். நாள்விட்டு நாள் வெட்ட ஆள் கிடைக்காத தோட்டங்களுக்கு இது கைகொடுக்கிறது. அளவு மிஞ்சினால் பட்டை வறண்டு மரம் கைவிரித்துவிடும்.

அந்தப் பாலுக்குள் இருப்பதும் ஐதரோகாபன்தான். 1860இல் இரசாயனவியலாளர் கிரெவில் வில்லியம்ஸ் இறப்பரைச் சூடாக்கி வடித்தெடுத்த திரவத்துக்கு ஐசோபிரீன் என்று பெயர் வைத்தார். அந்த ஐந்து காபன் அலகு ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டதே இறப்பர். உலகின் செடிகொடிகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 கோடி தொன் ஐசோபிரீனைக் காற்றில் விடுகின்றன. பூமியில் எல்லா வழிகளிலும் வெளியாகும் மீதேனும் ஏறக்குறைய அதே அளவுதான். வேடிக்கை என்னவென்றால், இறப்பர் இலை விடுவது பெரும்பாலும் ஐசோபிரீன் அல்ல. பத்துக் காபன் கொண்ட மொனோதேர்ப்பீன்கள்.

மீதேன் காற்றில் பத்தாண்டு அளவுக்குத் தங்கும். இலைவாயுக்களோ நல்ல வெயிலில் சில மணிநேரங்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை. ஓசோன், நீராவி, சூரியஒளி மூன்றும் கூடிப் பிறப்பிக்கும் ஐதரொட்சில், ஒரு நொடிகூட நிலைக்காத துணுக்கு, அவற்றைப் பிய்த்துப்போடுகிறது. பக்கத்தில் நைதரசன் ஒட்சைட்டுகள் இருந்தால், உடைந்த துண்டுகளின் துணையோடு தரைமட்டத்தில் ஓசோன் உருவாகும். நுரையீரலுக்கும் பயிருக்கும் ஆகாத வாயு அது.

மரங்கள்தான் வாகனங்களைவிட அதிகம் மாசுபடுத்துகின்றன என்று சொல்லி முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் கேலிக்கு ஆளானார். இலைகள் விடும் வாயு ஏராளம் என்பது மெய்; மரமே குற்றவாளி என்பது அபத்தம். நைதரசன் ஒட்சைட்டு மிகக் குறைந்த காட்டுக்காற்றில் இந்த வாயுக்கள் ஓசோனைப் பெருக்குவதில்லை. குருவிட்ட ஊடாகப் போகும் ஏ4 வீதியின் பஸ், லொறிப் புகைதான் அந்த ஒட்சைட்டுகளைக் கொண்டுவருகிறது. இன்னொன்று: நல்ல வெயில் காயும் தை, மாசியில் இறப்பர் மரம் இலையுதிர்த்து நிற்கும். இலையில்லாத அந்த வாரங்களில் மரத்தின் பங்கு சுருங்கிவிடும்; வீதியின் பங்கு அப்படியே இருக்கும்.