ஆணி இல்லாத பாலத்தைக் காப்பது கூரை

கோல சிலாங்கூர், கம்போங் குவாந்தான் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மரப்பாலம் புதிதல்ல. கால்வாயின் குறுக்கே இரண்டு தென்னந்தண்டுகளைப் போட்டு, மேலே பலகை அடித்தால் பாலம் தயார். ஆனால், மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும்போது சில ஆண்டுகளிலேயே பலகை உளுத்துவிடும். அப்படியிருக்க, இலங்கையில் ஒரு மரப்பாலம் 400 ஆண்டுகளுக்கு மேலாக நிற்பதாகக் கூறப்படுகிறது.

ஊவா மாகாணத்தில், பதுளைக்கு அருகே ஹாலி எல பகுதியில் கல்லந்த ஓயா என்ற ஆற்றின் மேல் உள்ளது பொகொட மரப்பாலம். பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய நடைபாதையில் அமைந்த இப்பாலம் சுமார் 15 மீட்டர் நீளமும் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலமும் கொண்டது. பக்கத்திலேயே ஒரு பழமையான பௌத்த விகாரை இருக்கிறது. இரும்பு ஆணிகளுக்குப் பதிலாக மர முளைகளை அடித்தே பாலத்தைப் பொருத்தியுள்ளனர். மேலே வீட்டுக்குப் போடுவதுபோல் ஓட்டுக் கூரை.

அந்தக் கூரை, நடப்பவர்கள் நனையாமல் இருப்பதற்கு மட்டும் அல்ல. முக்கியமாகப் பாலம் நனையாமல் இருப்பதற்கு. மரத்தை அரிப்பது பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் வளர முடியாது. உத்தரங்கள் சேரும் மூட்டுகளில்தான் நீர் தங்கும்; அழுகலும் அங்கேதான் தொடங்கும். இரும்பு ஆணி துருப்பிடித்தால் துளை பெரிதாகி மேலும் நீர் இறங்கும். மர முளைக்கு அந்தத் துரு இல்லை.

இதே உத்தியை உலகின் பிற பகுதிகளிலும் காணலாம். வியட்நாமின் ஹோய் ஆன் நகரில் உள்ள கூரைப் பாலம் பெரிய அளவில் பழுதுபார்க்கப்பட்டு 2024 ஆகஸ்டில் மீண்டும் திறக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் லுசேர்ன் நகரில், 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாலத்தின் பெரும்பகுதி 1993 ஆகஸ்டில் தீயில் எரிந்தது. மறு ஆண்டே அதைக் கட்டி எழுப்பினர். மழையைத் தடுக்கும் கூரை தீயைத் தடுக்காது. இரண்டு பாலங்களும் இன்று நிற்பதற்கு, பழுதை உடனுக்குடன் பார்த்த மனிதர்களும் காரணம்.

பதுளை, மலேசியத் தமிழர்களுக்கு அந்நியமான ஊர் அல்ல. காங்காணிகள் வழியாக ஒரு பகுதியினர் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு வந்த காலத்தில், இன்னொரு பகுதியினர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பதுளை மாவட்டத்தில் வாழ்கின்றனர்.

தோட்டங்கள் மூடப்பட்டு மக்கள் பட்டணம் போன பிறகும், பழைய மரத் தூண்களோடு சில கோயில் மண்டபங்களும் லயங்களும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றைக் காக்க நினைப்பவர்கள் சாயம் பூசுவதற்கு முன் கூரை ஏறிப் பார்ப்பது நல்லது. நகர்ந்த ஓர் ஓட்டை இன்றே சரிசெய்தால், அடியில் இருக்கும் உத்தரம் தப்பும்.