போர்க்கப்பலும் எழுதுகோலும்

நெய்வேலிக்குச் செல்லும் அன்பர்கள் அங்குள்ள பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று, கீழே நடக்கும் வேலையைச் சற்று நேரம் கவனிக்க வேண்டும். பிரம்மாண்டமான யந்திரம் ஒன்று, வாளிகள் கோத்த சக்கரத்தைச் சுழற்றி, மலைபோல் நிற்கும் மண்ணைச் சுரண்டித் தள்ளுகிறது. அவற்றுள் பெரிய யந்திரங்களின் வாளி ஒவ்வொன்றும் 1,400 லிட்டர் மண் கொள்ளும். இத்தனை பாரமும் யுத்த டாங்கியைப் போலவே இரும்புப் பட்டைகளின்மேல் ஊர்ந்து செல்கிறது. யுத்தத்துக்குரியது ஒன்று, சமாதானத்துக்குரியது மற்றொன்று. எனினும் இரண்டும் ஒரே யந்திர சாஸ்திரத்தின் குழந்தைகளே.

இந்த ஊரின் வரலாற்றில் தேசாபிமானிகள் சிந்திக்கவேண்டிய பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கறுப்பு நிறப் பொருளொன்று வெளிப்பட்டது. அதுவே இந்நகரத்துக்கு வித்து. 1956-ல் நிலக்கரிக் கம்பெனி அமைந்தது. 1957 மே 20-ந் தேதி பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நிலம் நமது, கரி நமது, வியர்வை நமது. ஆனால் தொடக்கத்தில் மண்ணை வெட்டிய யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. முதல் அனல் மின் நிலையம் சோவியத் ரஷ்யாவின் உதவியால் எழுந்தது. நம்மவர் அவற்றை ஓட்டக் கற்றனர். பழுது பார்க்கக் கற்றனர். ஆயினும் அந்த யந்திரங்கள் முதன்முதல் பிறந்த இடம் நெய்வேலியன்று. அவற்றை உருவாக்கிய ஆலையுமன்று. அயல்நாட்டு நிபுணர் ஒருவரின் வரைபட மேஜையே அவற்றின் பிறப்பிடம்.

இன்று அந்த மேஜை கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டது. யுத்த வாகனங்களும் போர்க்கப்பல்களும் இப்பொழுது முதலில் பிறப்பது அங்கேதான்.

முற்காலத்தில் நமது கடற்கரை ஓடாவிகள் கண்ணளவாலும் கையளவாலும் மரக்கலம் கட்டினார்கள். இரும்புக் கப்பல் வந்தபின் கண்ணளவு போதவில்லை. பெரிய கூடம் ஒன்றின் தரை முழுவதும், கப்பலின் விலா எலும்பு ஒவ்வொன்றையும் உண்மையான அளவிலேயே கோடிட்டு வரைந்து, அதற்கேற்பத் தகடுகளை வெட்டினார்கள். கோடு ஓரங்குலம் தவறினால் தகடு பொருந்தாது; தகடு பொருந்தாவிடில் கூலியும் காலமும் வீண்.

இன்று அந்தக் கூடம் வேண்டுவதில்லை. தகடு, குழாய், கம்பி, கதவு, பீரங்கி மேடை ஆகிய ஒவ்வொன்றும் நீளம், அகலம், உயரம் என்ற முப்பரிமாணங்களுடன் கம்ப்யூட்டரில் உருவம் பெறுகிறது. ஒரு குழாய் மற்றொரு குழாயை ஊடுருவிச் செல்லுமானால், இரும்பை வெட்டுமுன்னரே அது தெரிந்துவிடும். மொத்த எடை எவ்வளவு, எடையின் மையம் எங்கே நிற்கிறது, புயலில் கப்பல் எவ்வளவு சாயும், கண்ணிவெடி வெடித்தால் டாங்கியின் அடித்தகடு எவ்விடத்தில் நெளியும் என்பனவற்றையெல்லாம் முன்கூட்டியே கணிக்கலாம். பின்னர் அதே உருவத்திலிருந்து அளவுகள் நேரே தகடு வெட்டும் யந்திரத்துக்குச் செல்கின்றன. எனவே இந்த உருவம் வெறும் சித்திரமன்று. பொருளின் ஜாதகமே அதுதான்.

நம் தேசம் இக்கலையில் பின்தங்கி நிற்கிறதென்று எவரும் கருதவேண்டாம். 2022 செப்டம்பர் 2-ந் தேதி கொச்சியில் கடற்படையில் சேர்க்கப்பட்ட ‘விக்ராந்த்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலைப் பாருங்கள். அதன் நீளம் 262 மீட்டர். அகலம் 62 மீட்டர். அறைகள் 2,300-க்கு மேல். அதை வடிவமைத்தவர்கள் நமது கடற்படை நிபுணர்கள். கட்டியது கொச்சிக் கப்பல் தளம். இத்தனை பெரிய கப்பல் ஒன்று முழுவதும் முப்பரிமாண உருவமாக அமைக்கப்பட்டு, அந்த உருவத்திலிருந்தே வேலைக்கு வேண்டிய படங்கள் எடுக்கப்பட்டது நம் நாட்டில் அதுவே முதல் தடவை என்று சர்க்கார் அறிவித்தார்கள். கப்பலில் 76 சதவிகிதம் உள்நாட்டுப் பொருள் என்றும் கணக்குக் காட்டினார்கள். இது பெருமைக்குரிய விஷயமே.

நமது தமிழ்நாட்டில் ஆவடியும் இத்தகைய புகழுக்குரியது. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் ‘விஜயந்தா’ டாங்கி வெளிவந்தது. ஆனால் அதன் வடிவம் பிரிட்டிஷாருடையது. நமக்கென்று ஒரு டாங்கி வேண்டுமென்று 1974-ல் அனுமதி பெற்ற ‘அர்ஜுன்’, ஆவடியிலுள்ள யுத்த வாகன ஆராய்ச்சி நிலையத்தில் உருவாயிற்று. ஆலையில் செய்த முதல் டாங்கிகள் 2004-ல்தான் சேனையை அடைந்தன. முப்பது ஆண்டுகள்! பலர் இதைக் குறை கூறினார்கள். எஞ்சின் இன்னும் ஜெர்மானியருடையதே என்றும் சுட்டிக்காட்டினார்கள். குறை மெய்யே. ஆயினும் பிறர் வரைந்த டாங்கியைக் கட்டுவது வேறு; நாமே வரைவது வேறு. ஆவடி அந்தப் படியை ஏறிற்று என்பதை மறுக்க முடியாது.

ஆனால், ‘வரைந்தவர் நம்மவர், வரைந்த எழுதுகோல் யாருடையது?’ என்ற கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. விமானமும் கப்பலும் வாகனமும் வடிவமைக்க உலகெங்கும் பெயர் பெற்ற மென்பொருள்களை நோக்குங்கள். ‘காட்டியா’ பிரெஞ்சுக் கம்பெனியின் சொத்து, ‘என்.எக்ஸ்.’ ஜெர்மனியின் சீமென்ஸ் கம்பெனியுடையது, ‘ஆட்டோகேட்’ அமெரிக்கருடையது, கப்பல் தளங்களுக்கென்று ஸ்வீடனில் வளர்ந்த ‘டிரைபான்’ பின்னர் ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் கைக்குப் போயிற்று. நமது கல்லூரி மாணவர்கள் பயில்வதும் பெரும்பாலும் இத்தகையவற்றையே. 76 சதவிகிதம் சுதேசி என்று கப்பலின் இரும்பையும் கருவியையும் கணக்கிடுகிறோம்; அதை வரைந்த எழுதுகோலை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இவ்விடத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களை நினைக்காமலிருக்க முடியவில்லை. 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். காலியா, லாவோ என்ற கப்பல்களைப் பிரான்ஸ் தேசத்திலிருந்து வாங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார். கப்பல் அந்நியரிடம் வாங்கியதானாலும், அதை ஓட்டும் உரிமை நம்முடையதாக இருக்கவேண்டும் என்பதே அன்றைய போராட்டம். இன்று கப்பல் நம்முடையது. அதைத் தீட்டும் கோலையே விலைக்கு வாங்குகிறோம். பல சமயங்களில் வாங்கவுமில்லை, ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கிறோம்.

குத்தகைக்கு விட்டவர் ஒருநாள் மறுத்தால் என்ன செய்வது? இது வீண் அச்சமன்று. 1998-ல் நாம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியவுடன் அமெரிக்கா தடை விதித்தது. நமது இலகுரகப் போர் விமானத்துக்காக அங்கே சென்று உழைத்துக்கொண்டிருந்த விஞ்ஞானிகள் வேலையைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. நம்மவர் அந்த வேலையை இங்கேயே முடித்தார்கள் என்பது வேறு விஷயம். 2022-ல் உக்ரேன் யுத்தம் மூண்டபோது ஆட்டோடெஸ்க், சீமென்ஸ் முதலிய கம்பெனிகள் ரஷ்யாவில் தங்கள் வியாபாரத்தை நிறுத்தின. அந்த யுத்தத்தில் நியாயம் எப்பக்கம் என்பது இங்கே விவாதமன்று. எழுதுகோலை ஒரே கடிதத்தால் பறிக்கக்கூடும் என்பதே நாம் அறியவேண்டிய செய்தி.

படம் பிறர் கையில் இருப்பதால் வரும் ஆபத்து இன்னொன்று. 2016 ஆகஸ்டில் ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்று, நம் கடற்படைக்காகப் பிரெஞ்சுக் கம்பெனி வடிவமைத்து மும்பையில் கட்டப்பட்டுவந்த ‘ஸ்கார்ப்பீன்’ நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றிய 22,400 பக்கங்கள் வெளியே கசிந்துவிட்டதென்று அறிவித்தது. கசிவு வெளிநாட்டிலிருந்தே நேர்ந்ததாகத் தோன்றுகிறதென்று நமது கடற்படை கூறிற்று. நம் வீட்டுப் பூட்டு உறுதியாக இருந்து பயனென்ன, சாவியின் அச்சு அயலான் பெட்டியில் கிடக்கும்போது?

“உலகமே இம்மென்பொருள்களைத்தான் உபயோகிக்கிறது, நாமும் உபயோகிப்பதில் இழிவென்ன? சொந்தமாகச் செய்யப் புகுந்தால் இன்னொரு முப்பது ஆண்டு கழியுமே” என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. கையில் இருக்கும் கோலை இன்றே உடைத்தெறிய வேண்டுமென்று நாம் கூறவில்லை. அப்படிச் செய்வது தேசபக்தியாகாது, அவசரமாகும். கதர் நூற்பவன் தறி தயாராகுமுன் ஆடையின்றித் திரியவேண்டும் என்று எவரும் சொன்னதில்லை. ஆனால் தறியைத் தொடங்காமலே இருப்பதற்கு அது சாக்காகாது.

தறி எங்கே தொடங்குவது? இம்மென்பொருள்களின் அடித்தளம் கணித சாஸ்திரம். வளைந்த பரப்பு ஒன்று மற்றொன்றை எங்கே வெட்டுகிறது என்று பிழையின்றிக் கணிப்பதே அவற்றின் உயிர்நாடி. அந்த உயிர்நாடியைச் செய்து விற்கும் கம்பெனிகள் உலகில் மிகச் சிலவே. இதற்குச் சுரங்கம் வேண்டாம், உலைக்களம் வேண்டாம். கூர்மையான மூளையும், பல ஆண்டு பொறுமையும், இடைவிடாத பொருளுதவியும் போதும். மூலத்தை எல்லோரும் பார்க்கவும் திருத்தவும் விட்டிருக்கும் ‘ஃப்ரீகேட்’ போன்ற மென்பொருளும் உண்டு. அதைக் கற்று அதன்மேல் கட்டலாம். இப்பொழுது தீட்டும் உருவங்களைக்கூட எந்த ஒரு கம்பெனியின் பூட்டுக்குள்ளும் அடங்காமல், 1994 முதல் வெளிவந்த ‘ஸ்டெப்’ என்னும் சர்வதேசப் பொது முறையிலும் சேமித்து வைக்கலாம். சர்க்கார் கப்பலுக்கும் டாங்கிக்கும் ஒப்பந்தம் செய்யும்போது, படத்தின் உரிமையும் அதைத் திறக்கும் வழியும் தேசத்துக்கே உரியவை என்ற ஷரத்தைச் சேர்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

நெய்வேலியில் வளரும் வாலிபர்களுக்கு இதை விசேஷமாகக் கூறுகிறோம். உங்கள் பாட்டனார் அந்நிய யந்திரத்தின் அருகே நின்று அதை ஓட்டக் கற்றார். உங்கள் தந்தையார் அதன் பழுது நீக்கக் கற்றார். நீங்கள் இன்று கம்ப்யூட்டர் முன் அமர்ந்து டாங்கியையும் கப்பலையும் முப்பரிமாணத்தில் தீட்டக் கற்கிறீர்கள். மூன்றாவது படியும் நல்ல படியே; ஆனால் அதுவே முடிவான படியன்று. தீட்டும் கோலையே செய்யக் கற்பதுதான் அடுத்த படி. பூமிக்கடியில் கரி இருக்கிறதென்று தெரிந்தும், அதை வெட்டியெடுக்க இந்த ஊர் கால் நூற்றாண்டு காத்திருந்தது. 1961-ல்தான் கரி கண்ணில் பட்டது. நம் இளைஞர்களின் மூளையில் உள்ள செல்வத்துக்கும் அத்தனை காலம் காத்திருக்க வேண்டுமா?