கொடிவழித் தட்டுகளும் கணினி வலையமைப்பும்

பெங்களூரின் காக்ஸ் டவுன் பகுதியில் நெடுங்காலமாக வாழும் தமிழ்க் குடும்பத்தாரை நோக்கி, "உங்கள் பூர்வீகம் எது?" என்று வினவினால், வேலூர், சேலம், தருமபுரி என்று ஏதேனும் ஓர் ஊர்ப்பெயர் உடனே விடையாக வரும். "அங்கிருந்து முதன்முதலில் இங்கு வந்தவர் யார்? அவருடைய தந்தையின் பெயர் என்ன?" என்று மேலும் வினவினால், பலர் மௌனம் சாதிப்பர். பாட்டனார் பெயர் தெரியும். அவருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. நாமும் இதற்கு விலக்கல்லர்.

இந்நிலை ஏன் ஏற்பட்டது? 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைத் தண்டு ஒன்றை நிறுவினர். சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும், அவர்களைப் பின்பற்றிக் கொத்தர்களும் வணிகர்களும் சமையற்காரர்களும் இங்கே குடியேறினர். 1947-ஆம் ஆண்டில் தண்டுப் பகுதி மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது; மக்கள் இங்கேயே தங்கிவிட்டனர். அக்காலத்துத் திருச்சபைகளில் பதிவான ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் பல லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் உள்ளன. ஆனால் அத்தகைய பதிவேடு இல்லாத குடும்பங்களுக்கோ, பாட்டியின் நினைவும் பழைய திருமண அழைப்பிதழுமே ஆவணங்கள். ஆகவே அவர்கள் தம் கொடிவழியைத் தாமே எழுதி வைத்தாக வேண்டும்.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு எம் இல்லத்தில் நிகழ்ந்ததையே சான்றாகக் கூறலாம். எம் பெரியப்பா ஓய்வு பெற்றபின், 2002-ஆம் ஆண்டில், உறவினர் வீடுகளுக்கெல்லாம் நேரிற் சென்று, ஐந்து தலைமுறைப் பெயர்களைக் கேட்டறிந்து கணினியில் ஏற்றினார். அவற்றைக் குறுந்தட்டுகளில் பதிந்து ஆறு வீடுகளுக்கு அளித்தார். அவர் காலமானபின் அத்தட்டுகளைத் தேடினோம். மூன்று காணாமற் போயிருந்தன. இரண்டு கீறலுற்றுப் பயனற்றிருந்தன. எஞ்சிய ஒன்றைத் திறப்பதற்கேற்ற கருவி கொண்ட கணினி எவர் வீட்டிலும் இல்லை. ஒருவாறு திறந்தபோது, தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே தோன்றின. எழுத்துரு மாற்றும் நிரலின் உதவியால் அக்குறிகளை மீண்டும் தமிழாக்கினோம். ஆனால் பெரியப்பா பின்னாளில் செய்த திருத்தங்கள் காணாமற் போன தட்டு ஒன்றில் மட்டுமே இருந்தன. அவற்றை மீண்டும் கேட்டறிய, அன்று சொன்ன பாட்டியர் எவரும் இன்று இல்லை.

தட்டு என்பது பாதுகாப்புப் பெட்டகம் அன்று. அது ஒரு வண்டி மாத்திரமே. வண்டி பழுதாகும் முன் சரக்கை வேறு வண்டிக்கு மாற்ற வேண்டும். உலகின் பெரிய நிறுவனங்களும் இவ்வாறே செய்கின்றன. அமெரிக்காவில் 1894-ஆம் ஆண்டில் தொடங்கிய யூட்டா மரபுவழிக் கழகம், 1938 முதல் உலகெங்கும் பதிவேடுகளை நுண்படச் சுருள்களாக எடுத்தது. ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் காத்துவரும் யாத்திரிகர் வம்சாவளிப் பேரேடுகள் பலவும் அவ்வாறு படமெடுக்கப்பட்டன. பின்னர் பெயர்ப் பட்டியல்கள் குறுந்தட்டுகளில் ஏறின. 1999-இல் அவை இணையத்துக்கு வந்தன. ஏறத்தாழ 24 இலட்சம் சுருள்களைக் கணினிக்கு மாற்றும் பணி 2021-இல் நிறைவெய்தியது.

இனி, வீட்டளவில் இதனைச் செய்யும் முறையைக் காண்போம். முதலாவதாக, தட்டின் முழு உள்ளடக்கத்தையும் ஒரே கோப்பாகப் படியெடுக்க வேண்டும். இதனைப் பிம்பக் கோப்பு என்பர். இன்றைய கணினிகள் இதனைத் தட்டாகவே பாவித்துத் திறக்கும். ஒரு குறுந்தட்டு சுமார் 700 மெகாபைட் கொள்ளும். ஒரு டெராபைட் வன்தட்டில் அத்தகைய ஆயிரம் தட்டுகளுக்கு மேல் அடங்கும். விலைக்கு வாங்கிய தட்டாயின், படியெடுக்கவும் பகிரவும் அதன் உரிமம் இடந்தருகிறதா என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவதாக, அக்கோப்புகளை ஒரு கணினியில் பொதுக் கோப்புறையாக அமைக்க வேண்டும். வீட்டிற்கு இணைய இணைப்பை வழங்கும் ரவுட்டரே அங்குள்ள கணினிகளை ஒரு வலையமைப்பாக இணைத்துவிடுகிறது. மூலக் கோப்புறையை யாவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாகாது என்று அனுமதி வரையறுத்தல் நலம்.

மூன்றாவதாக, திருத்துவதற்கெனத் தனிப்படி ஒன்று வேண்டும். ஒரே தரவுக் கோப்பைப் பொதுக் கோப்புறையில் வைத்து இருவர் ஒரே வேளையில் திருத்தினால், ஒருவர் எழுதியதை மற்றவர் எழுதியது அழித்துவிடும். கோப்பே சிதைவதும் உண்டு. ஆதலின் குடும்பத்தில் ஒருவரை எழுத்தராக நியமித்து, ஏனையோர் அவரிடம் திருத்தங்களைத் தெரிவிக்கலாம். அல்லது, பலரும் உலாவி வழியே எழுதுவதற்கேற்ற வெப்ட்ரீஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை வழங்கிக் கணினியில் நிறுவலாம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் உறவினர் சிதறியிருக்கும் குடும்பங்களுக்குப் பின்னதே ஏற்றது.

நான்காவதாக, தரவுகளை ஜெட்காம் என்னும் பொது வடிவில் அவ்வப்போது சேமித்தல் வேண்டும். 1984-இல் தோன்றிய இவ்வடிவத்தைக் கொடிவழி மென்பொருள்களிற் பெரும்பாலானவை ஏற்கும். தமிழை யூனிக்கோடு எழுத்திலேயே உள்ளிடுக. எம் பெரியப்பாவின் தட்டு போன்று, பிற்காலத்தார் படிக்க இயலாத நிலை அப்போது ஏற்படாது.

இங்கே தமிழர்க்கே உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. மேனாட்டு மென்பொருள்கள் குடும்பப் பெயரைக் கேட்கும். நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. ஆறுமுகத்தின் மகன் முருகேசனை "ஆறுமுகம்" என்னும் குடும்பத்திலும், முருகேசனின் மகனை "முருகேசன்" என்னும் குடும்பத்திலும் சேர்த்தால், தந்தையும் மகனும் அயலாராகிவிடுவர். மொழிபெயர்ப்பு அலுவலில் இத்தகைய குழப்பத்தை நாம் பலமுறை கண்டுள்ளோம். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு, தந்தை பெயரை முழுமையாகத் தனியே குறிப்பதே தக்கது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. ஆகவே பிறந்த ஆண்டும் ஊரும் இன்றி எப்பெயரையும் பதியலாகாது. பெண்களின் பிறந்தகத்தையும் மறவாமல் எழுதுக. பட்டியலில் முதலில் மறைவது அதுவே.

உயிரோடிருப்போரின் பிறந்த தேதி, முகவரி முதலியவற்றை வெளியார் காணாவண்ணம் காத்தல் இன்றியமையாதது. இறுதியாக, மூன்று படிகளாவது வைத்துக்கொள்க. அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை, பொங்கலன்றோ தீபாவளியன்றோ, அவற்றைத் திறந்து பார்த்தல் வேண்டும்.

இயந்திர வேலைகள் அனைத்தும் ஓரிரு நாளில் முடிந்துவிடும். அவற்றைத் தள்ளிப் போட்டாலும் பெரும் நட்டமில்லை. தள்ளிப் போடக் கூடாதது ஒன்றே: வீட்டில் மூத்தவர் அருகில் அமர்ந்து, அவருடைய பாட்டன் பாட்டியர் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வது. கணினியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.