வீட்டில் ஒரு மனிதர், ஆபீசில் ஒரு மனிதரா?

மாதக் கடைசி. பெங்களூர் பீனியா தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு தொழிற்சாலை. மறுநாள் காலை லாரி கிளம்பியாக வேண்டும். உருப்படிகளைப் பெட்டியில் அடுக்குமுன் அளந்து பார்த்து, "சரி" என்று முத்திரை குத்த வேண்டியவர் நம்மவர் ஒருவர். அளவு மயிரிழை கூடியிருக்கிறது. "குத்துங்க சார், இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்கிறார் சூப்பர்வைசர்.

நம்மவர் என்ன செய்வார்?

"பொய் சொல்லக் கூடாது" என்று பிள்ளைக்குப் புத்தி சொல்லிவிட்டுத்தான் காலையில் பஸ் ஏறினார். அதே மனிதரின் கை மாலையில் பொய் முத்திரை குத்துகிறது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று மனைவி கேட்கிறாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான்.

இது ஒருவர் கதை அல்ல. ரேஷன் கடையில் எடை போடுகிறவர், பில் எழுதும் குமாஸ்தா, மருந்துக் கடைச் சிப்பந்தி என்று உத்தியோகம் பார்க்கும் எல்லோருக்கும் இந்தச் சோதனை வருகிறது. லட்சக்கணக்கில் லஞ்சம் கேட்டு வருவதில்லை. "இந்த ஒரு தடவை மட்டும்" என்று சிரித்துக்கொண்டு வருகிறது.

தங்கவயல் பிள்ளை

மஞ்சுநாத் சண்முகத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1978-ல் கோலார் தங்கவயலில் பிறந்தவர். மைசூரில் என்ஜினீயரிங் படித்தார். லக்னோ ஐ.ஐ.எம்.மில் நிர்வாகப் படிப்பு முடித்தார். அந்தப் படிப்புக்குக் கை நிறையச் சம்பளம் தரும் கம்பெனிகள் உண்டு. அவரோ இந்தியன் ஆயில் நிறுவனத்தில் விற்பனை அதிகாரியாகச் சேர்ந்தார். உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டம் அவருக்குக் கிடைத்த ஊர்.

அவர் வேலை என்ன? பெட்ரோல் பங்குகளைப் பார்வையிடுவது. இருப்பைக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது. எண்ணெய் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது. கலப்படம் இருந்தால் நடவடிக்கை எடுப்பது. சம்பளம் வாங்குவதே இதற்குத்தான்.

அந்த நாளில் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு அரசு மானியம் கொடுத்து வந்தது. டீசலைவிட அதன் விலை மிகவும் குறைவு. ஒன்றில் ஒன்றைக் கலந்தால் நடுவில் நிற்கும் பணம் கொள்ளை லாபம். வண்டிக்காரரின் எஞ்சின் பாழாகும். ஏழை வீட்டு அடுப்புக்கும் விளக்குக்கும் போக வேண்டிய எண்ணெயும் காணாமல் போகும்.

மஞ்சுநாத் ஒரு பங்கில் கலப்படம் கண்டு அதை மூட வைத்தார். பிறகு அது மறுபடி திறந்தது. "நம் கடமை முடிந்தது" என்று அவர் கோப்பைக் கட்டி வைத்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் மீண்டும் சோதனைக்குப் போனார். 2005 நவம்பர் 19 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 27.

அவரோடு படித்தவர்களும் அவருக்கு முன்பின் படித்தவர்களும் சும்மா இருக்கவில்லை. அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை நிறுவி, வழக்கை விடாமல் கவனித்தார்கள். 2007-ல் விசாரணைக் கோர்ட்டு முதல் குற்றவாளிக்கு மரண தண்டனை விதித்தது. 2009-ல் ஐகோர்ட்டு அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

"பார்த்தீர்களா, நேர்மையாக இருந்தால் இதுதான் கதி" என்பார்கள் சிலர். நடந்ததை வேறு விதமாகவும் பார்க்கலாம். மஞ்சுநாத் தியாகி ஆகவேண்டும் என்று கிளம்பவில்லை. தன் வேலையைத்தான் செய்தார். அவரைப்போலவே எல்லோரும் தத்தம் வேலையைச் செய்திருந்தால், அவர் மட்டும் தனியே எதிரியாகத் தெரிந்திருப்பாரா?

நம்மால் முடிந்தது

உயிரைக் கொடு என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. நாம் செய்யக்கூடிய சிறு காரியங்கள் சில உண்டு.

எதற்குக் கையெழுத்துப் போடமாட்டோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். லாரி வாசலில் நிற்கும்போது யோசித்தால் லாரிதான் ஜெயிக்கும்.

"முடியாது" என்பதைச் சண்டையாகச் சொல்ல வேண்டியதில்லை. வேலையின் பாஷையிலேயே சொல்லலாம். "அளவு கூடியிருக்கிறது என்று எழுதி வைக்கிறேன் சார். வாங்குகிற கம்பெனி ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் அனுப்பலாம்." தொழிற்சாலைகளில் இதற்கு முறை இருக்கிறது. சரக்கும் போகும், பொய்யும் இல்லை.

எதையும் எழுத்தில் வையுங்கள். வாய்மொழி உத்தரவு கொடுத்தவர் நாளை "நான் எப்போது சொன்னேன்?" என்று கேட்பார்.

தனியாகப் போகாதீர்கள். நெடுஞ்சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி என்ஜினீயர் சத்யேந்திர துபே 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். ரகசியம் காக்கப்படவில்லை. 2003 நவம்பரில் கயாவில் அவர் கொல்லப்பட்டார். நாடே கொதித்த பிறகு, 2004-ல் மத்திய அரசு ஒரு வழி செய்தது. மத்திய அரசு அலுவலகங்கள், பொதுத்துறை நிறுவனங்களில் நடக்கும் ஊழலைப் பற்றி மத்திய கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம். மொட்டைக் கடிதம் செல்லாது. பெயர் எழுதி, மூடிய உறையில் அனுப்ப வேண்டும். பெயரை வெளியிடாமல் காப்பது ஆணையத்தின் பொறுப்பு.

வாடிக்கைக்காரராகவும் நமக்குக் கடமை உண்டு. பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் வடிதாள் சோதனை கேட்கலாம். ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரத்தில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். நாம் கேட்கக் கேட்கத்தான் நேர்மையான அதிகாரிக்குத் துணை கிடைக்கும்.

தங்கவயல் சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டுவிட்டன. அந்த ஊரில் பிறந்து, தன் வேலையைச் சரியாகச் செய்த ஒரு பிள்ளையின் பெயர் மட்டும் மங்கவில்லை.

பீனியாவில் நம்மவர் இன்னும் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பிள்ளைக்குக் காலையில் சொன்ன புத்தி அவர் காதில் விழட்டும். முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, அளவு கூடியிருக்கிறது என்று ஒரு வரி எழுதட்டும். சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டுமே! ராத்திரி சோறு இறங்கும்.